ரெஜிஸ்ட்ரியின் வாசலில் கேடி: திருகோணமலை இணைப்புகளுக்குப் பொருந்தும் ரிவர்ஸ் ப்ராக்ஸி எது?

திருகோணமலையில் நான்கைந்து பேர் சேர்ந்து மென்பொருள் எழுதும் ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். உப்புவெளி, நிலாவெளி விடுதிகளுக்கு முன்பதிவு, நகரக் கடைகளுக்குப் பில் போடுவது, எல்லாம் டொக்கர் இமேஜாகவே, அதாவது ஓடத் தேவையானவற்றை உள்ளடக்கிய ஒரே பொதியாகவே, வாடிக்கையாளரிடம் போகிறது. அவர்களுடைய நிரலைப் பொதுவில் வைக்க முடியாது. இமேஜ்களை வைக்கும் பொதுத் தளமான டொக்கர் ஹப்பின் இலவசக் கணக்கில் தனிக் களஞ்சியம் ஒன்றுதான் கிடைக்கும். ஆகவே இமேஜ்களைச் சேமித்து வழங்கும் சொந்த ரெஜிஸ்ட்ரி வைக்கிறார்கள், நல்ல முடிவுதான். ரெஜிஸ்ட்ரியை எழுப்ப ஒரே ஒரு கட்டளை போதும். அதன் முன்னால் எச்டிடிபிஎஸ் போட்டு, அது மாதக்கணக்கில் யாரும் தொடாமல் ஓட வேண்டும் என்னும்போதுதான் வேலை கனக்கத் தொடங்குகிறது.

அந்த வேலைக்கு, ரெஜிஸ்ட்ரியின் முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் ரிவர்ஸ் ப்ராக்ஸியான கேடி 2 எவ்வளவு தூரம் உதவும் என்பதே இங்கே பேசப்படுகிறது. ஒப்பிடுவதற்கு, அதே வேலையைச் செய்யும் என்ஜின்எக்ஸும் ட்ரேஃபிக்கும். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: நம் பக்கத்து இணைப்பும் மின்சாரமும் இருக்கிற நிலையில், சிறிய அலுவலகத்துக்குக் கேடியைத் தயங்காமல் எடுக்கலாம். சான்றிதழை அது தானே வாங்கித் தானே புதுப்பிக்கிறது. மெதுவாக ஏறும் புஷ்ஷை (இமேஜை ரெஜிஸ்ட்ரிக்கு ஏற்றுவதை) நடுவில் வெட்டுவதும் இல்லை. குறைகளும் இருக்கின்றன, அவை சின்னக் குறைகள் அல்ல, கீழே வரும்.

முதலில், எச்டிடிபிஎஸ் இல்லாமல் ஏன் சமாளிக்க முடியாது? டொக்கரின் பின்னணிச் சேவையான டீமன் 127இல் தொடங்கும் உள்முகவரிகளுக்கு மட்டுமே வெறும் எச்டிடிபியை ஏற்கும். வேறு எந்த முகவரி என்றாலும் எச்டிடிபிஎஸ்ஸின் மறைகுறியாக்கமான டிஎல்எஸ் கேட்கும். கிடைக்காவிட்டால், எச்டிடிபிஎஸ் கேட்ட கிளையன்டுக்குச் சேர்வர் எச்டிடிபி பதில் தந்துவிட்டது என்ற பொருளில் ஒரு பிழையைக் காட்டி நின்றுவிடும். அதைத் தாண்ட டீமன்.ஜேசன் கோப்பில் "இன்செக்யூர்-ரெஜிஸ்ட்ரிஸ்" என்று ஒரு வரி சேர்க்கலாம் என்று பலர் சொல்வார்கள். வாடிக்கையாளர் இடத்தில் இருக்கும் ஒவ்வொரு கணினியிலும் அந்த வரியைப் போட்டு டொக்கரை ரீலோட் அல்லது மறுதொடக்கம் செய்யவேண்டி வரும். அதைவிடப் பெரிய ஆபத்து கடவுச்சொல்லில் இருக்கிறது. பேசிக் ஆத் முறையில் கடவுச்சொல் பேஸ்64 வடிவில் போகிறது. அது மறைகுறியாக்கம் அல்ல. விடுதி வைஃபையில் இருக்கும் யாரும் அதைப் பிடித்துப் படித்துவிடலாம். கடவுச்சொல் கிடைத்தவர் உங்கள் பெயரிலேயே வேறொரு இமேஜை ஏற்றிவிடவும் முடியும். அந்த வரியை எந்தக் கணினியிலும் போடாதீர்கள்.

கேடியை நிறுவுவது இப்படி. முதலில் ரெஜிஸ்ட்ரிக்கென்று தனி உப டொமைன் ஒன்று வேண்டும். "நிறுவனம்.எல்கே/ரெஜிஸ்ட்ரி" என்று உள்பாதையில் வைக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். டொக்கர் கிளையன்ட் எப்போதும் டொமைனின் வேரில் உள்ள /வி2/ பாதையைத்தான் தேடும். அந்தப் பெயருக்கு டிஎன்எஸ்ஸில் ஏ பதிவு (பெயரை ஐபி முகவரியோடு இணைப்பது) போட்ட பிறகு, கேடியின் அமைப்புக் கோப்பான கேடிஃபைல் மூன்றே வரி: முதல் வரியில் டொமைன் பெயரும் திறப்பு அடைப்பும், அடுத்ததில் "ரிவர்ஸ்_ப்ராக்ஸி ரெஜிஸ்ட்ரி:5000", மூன்றாவதில் மூடும் அடைப்பு. கொன்டெய்னர்களை (இமேஜிலிருந்து ஓடும் நிரல்களை) விவரிக்கும் கம்போஸ் கோப்பில் கேடியும் ரெஜிஸ்ட்ரியும் ஒரே டொக்கர் நெட்வேர்க்கில் இருந்தால் "ரெஜிஸ்ட்ரி" என்ற சேவைப் பெயரே முகவரியாக வேலை செய்யும். கேடிக்கு 80, 443 இரண்டையும் திறந்து கொடுக்க வேண்டும். எச்டிடிபி 3 வேண்டுமானால் 443இன் யூடிபியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கம்போஸில் ஒரு வரியை விட்டுவிடுகிறவர்கள் பிறகு கஷ்டப்படுவார்கள். கேடியின் /டேட்டா அடைவை நிலையான வால்யூமில் (கொன்டெய்னர் அழிந்தாலும் மிஞ்சும் சேமிப்பிடத்தில்) வைக்க வேண்டும். சான்றிதழும் சாவியும் அங்கேதான் இருக்கின்றன. வால்யூம் இல்லையென்றால் கொன்டெய்னரை அழித்து எழுப்பும் ஒவ்வொரு தடவையும் கேடி புதுச் சான்றிதழ் கேட்கும். ஒரே பெயருக்கு 7 நாளில் 5 சான்றிதழ் என்பது இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் வைத்திருக்கும் வரம்பு. ஆறாவது கேட்பு மறுக்கப்படும். அதோடு ஒரு நாள் முழுக்க, சில வேளை அதற்கும் மேலாக, ரெஜிஸ்ட்ரி பக்கம் யாரும் போக முடியாது.

5000ஐ வெளியே காட்டாதீர்கள்

ரெஜிஸ்ட்ரிக்கு நல்ல பூட்டுப் போட்டுவிட்டோம் என்று நம்பிக்கொண்டிருப்பவர்களின் சேர்வரில் ரெஜிஸ்ட்ரியின் 5000 போர்ட் திறந்து கிடப்பது அடிக்கடி நடக்கிற விடயம். கம்போஸில் ரெஜிஸ்ட்ரிக்கு "5000:5000" என்று போர்ட் கொடுத்திருப்பார்கள். ஃபயர்வாலான யூஎஃப்டபிள்யூவில் 5000ஐ மறித்தும் இருப்பார்கள். இருந்தும் திறந்திருக்கும். ஏனென்றால் டொக்கர் தன் விதிகளை லினக்ஸின் பாக்கெட் விதித் தொகுப்பான ஐபிடேபிள்ஸில், முகவரி மாற்றும் நாட் அட்டவணையில் எழுதுகிறது. வரும் பாக்கெட் முகவரி மாற்றப்பட்டு ஃபார்வர்ட் வழியாகப் போய்விடுகிறது; யூஎஃப்டபிள்யூவின் விதிகள் காவல் நிற்பதோ இன்புட் வழியில். இரண்டும் சந்திப்பதே இல்லை.

கேடியும் ரெஜிஸ்ட்ரியும் ஒரே நெட்வேர்க்கில் இருந்தால் ரெஜிஸ்ட்ரிக்குப் போர்ட் வரியே தேவையில்லை, அழித்துவிடுங்கள். கேடி கொன்டெய்னருக்கு வெளியே, நேரடியாகச் சேர்வரில் ஓடுகிறதென்றால் "127.0.0.1:5000:5000" என்று எழுதுங்கள். அலுவலக ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் பெட்டியில் ரவுட்டர் ஓரளவு காப்பாற்றும். வாடகைக்கு எடுத்த விபிஎஸ்ஸில் (மெய்நிகர் சேர்வரில்) அந்தத் தடுப்பும் கிடையாது. சரிபார்ப்பதும் சுலபம்: தொலைபேசியில் வைஃபையை நிறுத்தி, மொபைல் டேட்டாவில் உலாவியைத் திறந்து, சேர்வரின் ஐபியுடன் 5000ஐயும் /வி2/ பாதையையும் போட்டுப் பாருங்கள். வெறும் அடைப்புக்குறி இரண்டு திரையில் வந்தால் உங்கள் ரெஜிஸ்ட்ரி ஊருக்கே திறந்திருக்கிறது.

மெதுவான அப்லோடில் யார் தாங்குகிறார்கள்?

கேடிக்கு நாம் கொடுக்கும் மதிப்பெண்ணில் பெரும்பங்கு இந்த இடத்தில்தான் கிடைக்கிறது. டவுன்லோட் வேகம் நன்றாக இருந்தாலும் அப்லோட் அதற்கு ஈடாக இருக்காது. 4ஜி ரவுட்டரில் மாலை நேரம் இன்னும் மோசம். கணக்கைப் போட்டுப் பாருங்கள். இமேஜ் ஏறுவது லேயர் என்னும் அடுக்கு அடுக்காக. 400 எம்பி லேயர் ஒன்று, அப்லோட் 4 எம்பிபிஎஸ். 800 வினாடி, அதாவது 13 நிமிடமும் 20 வினாடியும். அவ்வளவு நேரம் ஒரே எச்டிடிபி கோரிக்கை திறந்தபடி இருக்க வேண்டும். நடுவில் அறுந்தால் டொக்கர் அந்த லேயரை முதலிலிருந்து ஏற்றும்.

ட்ரேஃபிக் இங்கே சறுக்குகிறது. 3ஆம் பதிப்பிலும், 2.11இன் பிந்திய வெளியீடுகளிலும், கோரிக்கை முழுவதையும் வாசித்து முடிக்க 60 வினாடிதான் இயல்பு வரம்பு. 4 எம்பிபிஎஸ்ஸில் 60 வினாடிக்குள் ஏறுவது 30 எம்பி. அதைவிடப் பெரிய எந்த லேயரும் வாசலிலேயே வெட்டுப்படும். கொழும்பில் வேகமான ஃபைபரில் சோதித்தவருக்கு இது தெரியவே வராது. இங்கே வந்ததும் முதல் புஷ்ஷிலேயே தெரிந்துவிடும். 443க்கான என்ட்ரிபாயிண்டில் (ட்ரேஃபிக் கோரிக்கை வாங்கும் வாசலில்) "ரீட்டைம்அவுட்" மதிப்பை 0 ஆக்கினால் தீரும். ஆனால் அப்படி ஒன்று இருக்கிறதென்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். பிழைச் செய்தி அந்தப் பக்கம் கைகாட்டாது.

என்ஜின்எக்ஸில் சிக்கல் வேறு மாதிரி. கோரிக்கை உடலுக்கு, அதாவது கோரிக்கையோடு ஏறும் தரவுக்கு, அதன் இயல்பு வரம்பு 1 எம்பி. மாற்றாமல் விட்டால் முதல் லேயரிலேயே 413 (உடல் மிகப் பெரிது) என்ற பிழை வரும். "கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ் 0" என்று போட்டால் வரம்பு நீங்கும். அதோடு முடியவில்லை. வரும் உடல் முழுவதையும் தற்காலிகக் கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு, முடிந்த பிறகே ரெஜிஸ்ட்ரிக்கு அனுப்புவது அதன் வழக்கம். 400 எம்பி லேயர் இரண்டு தடவை வட்டில் எழுதப்படும். சிறிய எஸ்எஸ்டி உள்ள பெட்டியில் இடம் நிரம்பிவிடும். "ப்ராக்ஸி_ரிக்வெஸ்ட்_பஃபரிங் ஆஃப்" போட வேண்டும், கூடவே "ப்ராக்ஸி_எச்டிடிபி_வெர்ஷன் 1.1"உம் போட வேண்டும். இயல்பாக 1.0 பேசும் பதிப்புகளில் பின்னதை விட்டால், துண்டு துண்டாக வரும் உடலை என்ஜின்எக்ஸ் அப்போதும் சேமித்தே அனுப்பும். "ப்ராக்ஸி_ரீட்_டைம்அவுட்" 60 வினாடி. டொக்கரின் ஆவணம் 900 வைக்கச் சொல்கிறது. மெதுவான வட்டில் பெரிய லேயரை முடித்து வைக்க ரெஜிஸ்ட்ரிக்கு நேரம் எடுக்கும், அதற்குள் என்ஜின்எக்ஸ் பொறுமையிழந்து 504 (நேரம் கடந்தது) கொடுத்துவிடும் என்பதுதான் காரணம்.

இவை எல்லாவற்றையும் சரியாகப் போட்டால் என்ஜின்எக்ஸ் குறைவில்லாமல் ஓடும். கேடியில் இவற்றில் ஒன்றையும் போட வேண்டியதில்லை. உடலுக்கு வரம்பு இல்லை, உடலை வாசிக்க நேர வரம்பு இல்லை, வருவதை வருகிற வேகத்திலேயே ரெஜிஸ்ட்ரிக்குத் தள்ளுகிறது.

ப்ராக்ஸி எதுவானாலும் கிளையன்ட் பக்கம் ஒரு மாற்றம் செய்தால் நல்லது. டொக்கர் ஒரே நேரத்தில் 5 லேயர்களை ஏற்றும். 4 எம்பிபிஎஸ்ஸை ஐந்தாகப் பங்கு போட்டால் ஐந்தும் இழுபடும். ஒரு தடவை இணைப்பு விழுந்தால் ஐந்தும் போகும். டீமன்.ஜேசனில் "மேக்ஸ்-கன்கரன்ட்-அப்லோட்ஸ்" மதிப்பை 1 அல்லது 2 ஆக்குங்கள். விழுந்தாலும் ஏறி முடிந்த லேயர்கள் மிஞ்சும். டொக்கர்ஃபைலில் அடிக்கடி மாறும் நிரலைக் கடைசியில் நகலெடுத்தால் ஒவ்வொரு வெளியீட்டிலும் ஏற வேண்டியது சில எம்பிதான். நிலாவெளி விடுதிக் கணினி இறக்க வேண்டியதும் அவ்வளவே.

க்ளவுட்ஃப்ளேர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதன் ப்ராக்ஸி வழியாக ரெஜிஸ்ட்ரியை விட்டால் இலவசத் திட்டத்தில் ஒரு கோரிக்கைக்கு 100 எம்பிதான். பெரிய லேயர் 413 வாங்கித் திரும்பும். அந்தப் பெயருக்கு மட்டும் ஆரஞ்சு மேகத்தை (ப்ராக்ஸிக் குறியை) அணைத்து, டிஎன்எஸ்ஸாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

லாகின் ஆகிறது, புஷ் ஆகவில்லை

இந்தக் குறியைக் கண்டால் கோரிக்கையோடு போகும் குறிப்பு வரியான ஹெடரைச் சந்தேகியுங்கள். புஷ் நடக்கும் வழியைப் பார்த்தால் காரணம் விளங்கும். கிளையன்ட் முதலில் ஒரு போஸ்ட் கோரிக்கை அனுப்பி, லேயர் ஏற்ற இடம் கேட்கிறது. ரெஜிஸ்ட்ரி 202 என்று சொல்லி, "லொகேஷன்" ஹெடரில் ஒரு முழு முகவரியைத் தருகிறது. கிளையன்ட் அந்த முகவரிக்கே பேட்ச் மூலம் உடலை அனுப்பி, கடைசியில் புட் மூலம் டைஜெஸ்டை (உள்ளடக்கத்தின் கைரேகையை) சொல்லி முடிக்கிறது. ரெஜிஸ்ட்ரிக்கோ வெளியே எச்டிடிபிஎஸ் இருப்பது தெரியாது. அதனிடம் வந்தது வெறும் எச்டிடிபி. "எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ" ஹெடரில் யாராவது சொன்னால்தான் அது அறியும். சொல்லாவிட்டால் லொகேஷன் முகவரி எச்டிடிபி என்று தொடங்கும், கிளையன்ட் தவறான வாசலுக்குப் போகும், புஷ் முறியும். லாகினுக்கும் புல்லுக்கும் (இமேஜை இறக்குவதற்கும்) இந்த முகவரி தேவைப்படாததால் அவை இரண்டும் நன்றாகவே நடக்கும். அதனால்தான் ஆட்கள் கடவுச்சொல்லையும் சான்றிதழையும் மாற்றி மாற்றிப் பார்த்து நேரத்தை இழக்கிறார்கள்.

கேடி இந்த ஹெடரைத் தானே வைக்கிறது, ஹோஸ்ட் ஹெடரையும் மாற்றாமல் கடத்துகிறது. என்ஜின்எக்ஸில் இரண்டையும் கையால் எழுத வேண்டும். ப்ராக்ஸி மேல் ப்ராக்ஸி அடுக்கியிருந்தால் கேடியிலும் இது குழம்பலாம்: முன்னால் இருப்பவரை "ட்ரஸ்டட்_ப்ராக்ஸிஸ்" பட்டியலில் சேர்க்கும்வரை, அவர் தரும் ஃபார்வர்டட் ஹெடர்களைக் கேடி நம்பாது. அது சரியான பாதுகாப்புத்தான். உறுதியான மாற்றுவழி வேண்டுமானால் ரெஜிஸ்ட்ரிக்கு "ரெஜிஸ்ட்ரி_எச்டிடிபி_ரிலேட்டிவ்யூஆர்எல்ஸ்" என்ற சூழல் மாறியை ட்ரூ ஆக்குங்கள். லொகேஷனில் முழு முகவரிக்குப் பதில் பாதை மட்டும் வரும். எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்ஸா என்ற கேள்விக்கே இடமிருக்காது.

சான்றிதழ்

லெட்ஸ் என்கிரிப்டின் வழக்கமான சான்றிதழ் 90 நாள் செல்லும். கேடி மூன்றில் ஒரு பங்கு ஆயுள் மிஞ்சும்போதே புதுப்பிக்கத் தொடங்கும். கேடிஃபைலில் மின்னஞ்சல் முகவரி கொடுத்திருந்தால், லெட்ஸ் என்கிரிப்ட் கைகொடுக்காதபோது இன்னொரு வழங்குநரான சீரோஎஸ்எஸ்எல்லிடம் கேட்கும். என்ஜின்எக்ஸுடன், சான்றிதழ் வாங்கும் கருவியான சேர்ட்பொட் வைத்திருப்பவர்களுக்கு வரும் வழக்கமான விபத்து: கோப்பு புதுப்பிக்கப்பட்டிருக்கும், ஆனால் என்ஜின்எக்ஸ் பழைய சான்றிதழையே நினைவில் வைத்துப் பரிமாறிக்கொண்டிருக்கும். புதுப்பித்ததும் என்ஜின்எக்ஸை ரீலோட் செய்யும் ஹுக் ஒன்றைச் சேர்ட்பொட்டுக்குச் சொல்லி வைத்தால் தப்பலாம். முன்பெல்லாம் காலாவதிக்கு முன் எச்சரிக்கை மின்னஞ்சல் வரும். 2025 ஜூனில் லெட்ஸ் என்கிரிப்ட் அதை நிறுத்திவிட்டது. பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுளும் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 2029 மார்ச்சில் 47 நாளுக்கு வருகிறது. சான்றிதழைக் கையால் புதுப்பிக்கும் காலம் முடிந்துவிட்டது.

சான்றிதழ் வாங்க, வெளியிலிருந்து 80 அல்லது 443க்கு வந்து தட்டிப் பார்க்க முடிய வேண்டும். 4ஜி ரவுட்டரில் ஓடும் அலுவலகங்கள் இங்கே நின்றுவிடும். ரவுட்டரின் வான் (வெளிப்பக்க) முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையான வரிசையில் இருந்தால், பலர் ஒரே பொது முகவரியைப் பங்கிடும் சிஜிநாட்டுக்குள் இருக்கிறீர்கள். போர்ட் ஃபார்வர்ட் எவ்வளவு போட்டாலும் பயன் இல்லை. இதற்கு டிஎன்எஸ் வழிச் சரிபார்ப்பு இருக்கிறது: டொமைனில் ஒரு டெக்ஸ்ட் பதிவு போட்டு உரிமையைக் காட்டுவது. ஏ பதிவில் 192.168 முகவரியே இருந்தாலும் பொதுச் சான்றிதழ் கிடைக்கும். அலுவலகத்துக்குள் மட்டும் பாவிக்கும் ரெஜிஸ்ட்ரிக்கு இதுவே மிகச் சுத்தமான வழி.

கேடியின் முதல் குறை இங்கே வருகிறது. டிஎன்எஸ் வழங்குநர்களுக்கான செருகுநிரல்கள் வழமையான கேடியில் இல்லை. கேடியைக் கட்டும் கருவியான எக்ஸ்கேடி கொண்டு, அல்லது கேடியின் பில்டர் இமேஜ் கொண்டு, க்ளவுட்ஃப்ளேரோ வேறெதுவோ சேர்த்து நீங்களே கட்ட வேண்டும். டொக்கர்ஃபைலில் நாலு வரிதான், ஆனால் அன்றிலிருந்து அந்த இமேஜைப் பாதுகாப்புத் திருத்தங்களோடு புதுப்பித்துக்கொண்டே இருப்பது உங்கள் பொறுப்பு. ட்ரேஃபிக்கில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

டொமைனே இல்லையென்றால் "டிஎல்எஸ் இன்டர்னல்" என்று ஒரு வரி எழுதினால் கேடி தன் சொந்த சான்றாளராக மாறும். அதன் வேர்ச் சான்றிதழை ஒவ்வொரு கணினியிலும் /ஈடிசி/டொக்கர்/சேர்ட்ஸ்.டி அடைவுக்குள், ரெஜிஸ்ட்ரியின் பெயரில் துணை அடைவு திறந்து, "சிஏ.சிஆர்டி" என்று வைக்க வேண்டும். டொக்கரை மறுதொடக்கம் செய்யத் தேவையில்லை. நான்கு கணினிக்குச் சரி. பத்து விடுதிக்கு இதைக் கொண்டு திரிவது வீண் அலைச்சல்.

சான்றிதழ் வரவில்லை என்றால் கேடியின் பதிவைப் படியுங்கள், தெளிவாகவே எழுதியிருக்கும். அடிக்கடி காரணமாவது பழைய ஏஏஏஏ பதிவு (ஐபிவி6 முகவரிப் பதிவு). லெட்ஸ் என்கிரிப்ட் ஐபிவி6ஐத்தான் முதலில் நாடும். அந்த முகவரியில் வேறு சேர்வர் பதில் சொன்னால் சரிபார்ப்பு தோற்கும். தோற்கத் தோற்கக் கேடி காத்திருக்கும் இடைவெளியை நீட்டிக்கொண்டே போகும். ஆகவே டிஎன்எஸ்ஸைத் திருத்திய கையோடு கேடியை ஒரு தடவை நிறுத்தித் தொடங்கினால் உடனே மறுபடி கேட்கும்.

வெளியிலிருந்து ரெஜிஸ்ட்ரி திறக்கிறது, அலுவலகத்துக்குள்ளிருந்து திறக்கவில்லை என்றால் சான்றிதழைக் குறை சொல்லாதீர்கள். உள்ளிருந்து தன் பொது முகவரிக்கே திரும்பிவரும் போக்கைப் பல மலிவு ரவுட்டர்கள் கையாளாது. உள் டிஎன்எஸ்ஸில் அதே பெயருக்குச் சேர்வரின் உள்முகவரியைக் கொடுங்கள். பெயர் மாறாததால் சான்றிதழ் அப்படியே செல்லும்.

கரண்ட் போய் வந்த பிறகு சான்றிதழ் இன்னும் தொடங்கவில்லை, அல்லது காலாவதி என்று பிழை வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். சிறு கணினியான ராஸ்பெரி பையில் 4 வரைக்கும் மின்கலக் கடிகாரம் இல்லை. மின்சாரம் வந்து இணையம் வரும்வரை அது பழைய நேரத்திலேயே இருக்கும். மாரி மழையில் ஃபைபர் பிந்தி வரும் நாட்களில் இந்த இடைவெளி நீளும். சிறிய ஆர்டிசி (மின்கலக் கடிகார) தொகுதி ஒன்றைப் பொருத்திவிடுங்கள். பை 5இல் பலகையிலேயே இருக்கிறது, மின்கலம் மட்டும் தனியாக வாங்க வேண்டும். ஃபைபர் பெட்டி, ரவுட்டர், சேர்வர் மூன்றையும் ஒரே யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள். சேர்வரை மட்டும் மாட்டிப் பயன் குறைவு.

யார் ஏற்றலாம், யார் இறக்கலாம்

ரெஜிஸ்ட்ரியின் சொந்த எச்டிபாஸ்வேர்ட் (கடவுச்சொல் கோப்பு) முறையில் உரிமை வேறுபாடு கிடையாது. உள்ளே வந்தவர் யாராயினும் இறக்கலாம், ஏற்றலாம். நீக்கலை இயக்கியிருந்தால் நீக்கவும் செய்யலாம். விடுதியின் முகப்பு மேசைக் கணினியில் இருக்கும் கடவுச்சொல்லுக்கு அவ்வளவு அதிகாரம் கொடுக்கக் கூடாது. அந்தக் கடவுச்சொல், உதவிக் கருவி எதுவும் வைக்காவிட்டால், டொக்கரின் கன்ஃபிக்.ஜேசனில் பேஸ்64ஆகத்தான் கிடக்கிறது.

இதைக் கேடியில் அழகாகத் தீர்க்கலாம். ரெஜிஸ்ட்ரியில் உள்நுழைவை எடுத்துவிட்டு "பேசிக்_ஆத்" கட்டளையில் இரண்டு பயனர்களை வையுங்கள்: ஏற்றுபவர் ஒருவர், இறக்குபவர் ஒருவர். கடவுச்சொல்லின் ஹாஷை (திருப்பிப் படிக்க முடியாத வடிவத்தை) "கேடி ஹாஷ்-பாஸ்வேர்ட்" கட்டளை தரும். பிறகு ஒரு மேட்சர் (பொருத்தும் நிபந்தனை): புட், போஸ்ட், பேட்ச், டெலீட் ஆகிய முறைகளில் வந்து, பயனர் பெயர் ஏற்றுபவருடையது அல்ல என்றால், 403 (அனுமதி இல்லை). ஐந்தாறு வரியில் முடியும். வாசிப்பைத் திறந்து விட்டு எழுதுவதற்கு மட்டும் கடவுச்சொல் கேட்கலாமே என்று தோன்றும், செய்யாதீர்கள். டொக்கர் /வி2/ பாதையை முதலில் தட்டி, அங்கே 401 (உள்நுழையவும்) வந்தால்தான் கடவுச்சொல் தேவை என்று புரிந்துகொள்ளும். அங்கே 200 கிடைத்துவிட்டால் புஷ்ஷின்போது கடவுச்சொல்லை அனுப்பாது, புஷ் மறுக்கப்படும். கம்போஸ் கோப்புக்குள் ஹாஷை எழுதுவதென்றால் ஒவ்வொரு டொலர் குறியையும் இரட்டிக்க வேண்டும். கேடிஃபைலில் அந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது குறை இங்கேதான். கடவுச்சொல்லை மாற்றி மாற்றி முயல்பவரை மெதுவாக்கும் வசதி வழமையான கேடியில் இல்லை, அதற்கும் செருகுநிரல்தான். என்ஜின்எக்ஸில் "லிமிட்_ரெக்" உள்ளேயே இருக்கிறது. இது சின்ன விடயம் அல்ல. சான்றிதழ் வாங்கிய மறுகணமே உங்கள் உப டொமைன் பெயர் பொது வெளிப்படைப் பதிவேட்டில் ஏறிவிடும், அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் போட்கள் உடனே வந்து தட்டும். "ரெஜிஸ்ட்ரி" என்றோ வாடிக்கையாளர் பெயரிலோ உப டொமைன் வைக்காமல் விடுவது நல்லது. கடவுச்சொல் நீளமாக, கருவியால் உண்டாக்கியதாக இருக்கட்டும். கேடி இயல்பில் வருகைப் பதிவும் எழுதாது. "லாக்" என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் எழுதும், அதைக் கொண்டு, தவறாகத் தட்டிக்கொண்டே இருப்பவரைத் தடுக்கும் ஃபெயில்2பானை ஓட்டலாம்.

ரெஜிஸ்ட்ரியின் 2ஆம் பதிப்பிலிருந்து 2025 ஏப்ரலில் வந்த 3க்கு மாறுபவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். கட்டமைப்புக் கோப்பின் பாதை /ஈடிசி/டொக்கர்/ரெஜிஸ்ட்ரி என்பதிலிருந்து /ஈடிசி/டிஸ்ட்ரிபியூஷன் என்று மாறியிருக்கிறது. பழைய பாதையில் பிணைத்த கோப்பு சத்தமின்றிப் புறக்கணிக்கப்படும், உங்கள் அமைப்புகள் எதுவும் செல்லாது. பதிவில் 4318 போர்ட்டுக்கு இணைய முடியவில்லை என்று ஓயாமல் வந்தால், "ஓடெல்_ட்ரேசஸ்_எக்ஸ்போர்ட்டர்" மாறியை "நன்" ஆக்குங்கள்.

வட்டு நிரம்புவது ப்ராக்ஸியின் வேலை அல்ல என்றாலும், நிரம்பினால் முதலில் ப்ராக்ஸியைத்தான் திட்டுவார்கள். டேகை (இமேஜின் பதிப்புப் பெயரை) நீக்கியதால் இடம் கிடைத்துவிடாது. நீக்கலை இயக்கி, பயன்படாத லேயர்களை அழிக்கும் "கார்பேஜ்-கலெக்ட்" ஓட்ட வேண்டும். அது ஓடும் நேரத்தில் யாரும் புஷ் செய்யக் கூடாது; பாதி ஏறிய லேயரைக் குப்பை என்று நினைத்து அழித்துவிடும். மேலே சொன்ன 403 மேட்சரிலிருந்து பயனர் நிபந்தனையைத் தற்காலிகமாக எடுத்துவிட்டுக் கேடியை ரீலோட் செய்தால், எல்லோருக்கும் ஏற்றம் அடைபடும், இறக்கம் தொடரும். விடுதிகள் பக்கம் ஒன்றும் தெரியாது. ஏற்கெனவே தொடங்கிய புஷ் ஏதும் ஓடவில்லை என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இமேஜ்களில் பாதிப்புச் சோதனை, திட்டவாரியாக உரிமை, இணையப் பக்கம் எல்லாம் வேண்டும் என்பவர்களுக்கு இந்தச் சோடி போதாது. அவர்கள் இவை எல்லாம் உள்ள ரெஜிஸ்ட்ரியான ஹார்பரைப் பார்க்கலாம். குறைந்தது 2 சிபியு, 4 ஜிபி மெமரி, 40 ஜிபி வட்டு கேட்கும். ஏற்கெனவே என்ஜின்எக்ஸை நன்றாக அறிந்து, அதில் பத்துத் தளம் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் ரெஜிஸ்ட்ரிக்காகக் கேடிக்கு மாறத் தேவையில்லை. மேலே சொன்ன வரிகளையும் ரீலோட் ஹுக்கையும் சேர்த்தால் போதும். புதிதாகத் தொடங்குபவர்கள், சேர்வரைப் பார்க்க முழுநேர ஆள் இல்லாத இடங்கள், அப்லோட் மெதுவான இணைப்பில் இருப்பவர்கள் கேடியை எடுங்கள். நிறுவி முடித்ததும் கேர்ள் கட்டளையால் /வி2/ஐ ஒரு தடவை தட்டுங்கள். கடவுச்சொல் இல்லாமல் 401, கடவுச்சொல்லோடு 200, இறக்குபவர் கணக்கில் புஷ் செய்தால் 403, ஏற்றுபவர் கணக்கில் 30 எம்பிக்கு மேற்பட்ட லேயருடன் ஒரு முழுப் புஷ். நான்கும் சரியாக வந்த பிறகு வாடிக்கையாளர் கணினியில் லாகின் செய்யுங்கள்.